மலிவுத் தோட்டா

காலை 9.20.

சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஆர்விட் நிஸ்கா குப்புற விழுந்து கிடந்தார். ஆரஞ்சு மேலுடுப்பின் இடது விலாப் பக்கத்தில் ரத்தம் உறைந்து, துணி பலகைபோல் விறைத்திருந்தது. துப்பாக்கி தோளில் மாட்டியபடியே இருந்தது. அதை அவர் கையில் எடுக்கவே இல்லை.

ஷெரிஃபின் டெபுடி வெர்னா ஹௌதலா பனியில் முழங்காலிட்டுப் பார்த்தாள். குண்டு இடது பக்கம் நுழைந்து வலது பக்கமாக வெளியேறியிருந்தது. அவள் எழுந்து சுற்றிலும் பார்வையை ஓட்டினாள். மான் வேட்டைப் பருவத்தில் இன்று இரண்டாம் நாள். நான்கு நாளாகப் பனி பெய்யவில்லை. ஈரமே இல்லாத குளிரில் தரைப்பனி உப்பளம்போல் வெளுத்துக் கிடந்தது.

அவருடைய வேட்டை முகாமின் மற்ற மூவரும் தள்ளி நின்றார்கள்.

ஆர்விட்டின் மருமகன் கீத் பிரென்னன் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வந்தவன். உடலை முதலில் பார்த்தவன் அவன்தான். வெர்னா வரும்வரை மாமனார் பக்கத்திலிருந்து நகரவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

எல்மர் கோட்டிலாவை அந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. வேட்டை லைசென்ஸ் வேண்டுமென்றால் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். அந்த வகுப்பை முப்பது வருடமாக நடத்துபவர் அவர். தோட்டாக்களைத் தன் வீட்டு நிலவறையில் தானே தயாரிப்பார். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, துடைத்து, அளந்து, மறுபடி மருந்தடைத்து வைப்பார். உடலைப் பார்த்ததும் முகாமுக்கு ஓடிப்போய், டிரக்கை எடுத்துக்கொண்டு சாலையோர மதுக்கடைக்குப் போய் போன் செய்தவரும் அவர்தான்.

மூன்றாவது ஆள் ரெய்னோ பெராலா. செப்புச் சுரங்கம் மூடியதிலிருந்து வேலை இல்லை. வெர்னாவும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் தலை நிமிரவில்லை.

"சத்தம் கேட்டீங்களா?" என்றாள் வெர்னா.

"ரெண்டு," என்றான் கீத். "ஒண்ணு இன்னும் இருட்டா இருந்தப்போ. இன்னொண்ணு நல்லா வெளிச்சம் வந்தப்புறம்."

"முதல் சத்தம் பக்கத்து முகாம்," என்றார் எல்மர். "அவனுங்க எந்த வருஷம் விடியற வரைக்கும் பொறுத்திருக்கானுங்க?"

"ரெண்டாவது?"

"அது நான்," என்றான் ரெய்னோ. "மேட்டுக்கு அந்தப் பக்கம் நான் மறைஞ்சு உக்காந்திருந்த இடத்துலேர்ந்து. கொம்பு மான் ஒண்ணு மேட்டு மேல ஏறிச்சு. சுட்டேன். படல."

"மேட்டைப் பாத்தா சுட்ட?"

அவன் தலையாட்டினான். மேட்டுக்கு இந்தப் பக்கம்தான் சதுப்பு. அங்கேதான் ஆர்விட் கிடந்தார்.

எல்மர் அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா வெர்னா, எதுக்கும் மேட்டு மேல ஒரு தரம் பாத்துடு. அங்கேர்ந்து பாத்தா இந்தச் சதுப்பு பூராவும் தெரியும்."

அவரும் கூடவே ஏறி வந்தார். மேட்டில் ஒரு வெள்ளைப் பட்டை பர்ச் மரம் நின்றது. அதனடியில் தோட்டாக் கூடு ஒன்று, மேசை விரிப்பில் வைத்த கரண்டிபோல், பனிமேல் பளிச்சென்று கிடந்தது. பச்சை கலந்த சாம்பல் நிறம். எஃகுக் கூடு, இருப்பதிலேயே மலிவானது. பக்கத்திலேயே ரெய்னோவின் பூட்ஸ் தடம்.

எல்மர் பெருமூச்சு விட்டார். "இந்த மாதிரி சரக்கை இந்த முகாம்ல ஒருத்தன்தான் சுடறான்."

அவர் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. வெர்னாவுக்கே தெரியும்.

செப்டம்பர் மாதம் ஆஸ்கரின் சாமான் கடையில் அவள் நின்றிருந்தபோது ரெய்னோ துப்பாக்கி வாங்க வந்தான். தன் பழைய துப்பாக்கியை அவன் விற்றுவிட்டிருந்தான். எல்மரும் அங்கே காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

"இரும்புக் கூடு போட்ட தோட்டா எதுல மக்கர் பண்ணாம ஓடும் ஆஸ்கர்?" என்று கேட்டான் ரெய்னோ. குரல் தணிந்துதான் இருந்தது. கடையில் எல்லாருக்கும் கேட்டது.

ஆஸ்கர் துப்பாக்கிகளை எடுத்து வைத்து விளக்கினார். "பித்தளை வெடிச்சதும் விரியும், உடனே சுருங்கிக்கும். இரும்பு அந்த அளவுக்குச் சுருங்காது. இறுக்கமான துப்பாக்கில போட்டீன்னா உள்ளயே பிடிச்சுக்கும். அப்புறம் போல்ட்டைக் காலால உதைச்சுத்தான் திறக்கணும். இந்த ரஷ்யத் தோட்டாவப் பாரு, கூம்பா இருக்கு. இதுக்குன்னே செஞ்ச துப்பாக்கில போட்டா வழுக்கிட்டு வெளிய வந்துடும். ரெண்டு இருக்கு. இது போல்ட் துப்பாக்கி, ஒவ்வொரு தடவையும் நீ கையால இழுக்கணும். அது பழைய ராணுவத் துப்பாக்கி, கூட்டைத் தானே துப்பிக்கும். என்ன, நசுக்கிப் பத்தடி தூரத்துக்கு எறியும். விலை பாதிதான்."

"அதுல சுட்டா மான் சிரிச்சே செத்துப்போகும்," என்றார் எல்மர்.

கடை முழுக்கச் சிரிப்பு. வெர்னா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். "கவண் வாங்கிக்கோ ரெய்னோ. கல்லுக்குக் காசே கிடையாது."

அவனும் சிரித்தான். காது மட்டும் சிவந்தது. விலை பாதியான ராணுவத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது அந்தக் கூட்டைக் காகித உறையில் போட்டுக்கொண்டு வெர்னா முகாமுக்கு நடந்தாள். படியோரம் பெரிய காப்பி டப்பா ஒன்று இருந்தது. அக்டோபரில் முகாமைச் சுத்தம் செய்ய எல்லாரும் கூடியபோது ரெய்னோ குறி பழகிச் சுட்டுத் தள்ளிய எஃகுக் கூடுகள் அதில் கிடந்தன. புல் வெட்டும் இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளுமென்று ஆர்விட் ஒரு கயிற்றில் காந்தத்தைக் கட்டி இழுத்து எல்லாவற்றையும் பொறுக்கி அதில் போட்டிருந்தார். அந்தக் காந்தம் படிக்கு மேலே ஆணியில் தொங்கியது. அவள் டப்பாவைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

ரெய்னோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"உன் இடத்துலேர்ந்தா சுட்ட? மேட்டு மேலேர்ந்தா?"

"என் இடத்துலேர்ந்து."

"மேட்டுல உன் தடம் இருக்கு."

"ரத்தம் கித்தம் சிந்தியிருக்கான்னு பாக்கப் போனேன். மானுக்கு."

"உன் கூடும் இருக்கு."

அவன் உறையைப் பார்த்தான்.

"ரெய்னோ, மேட்டுல ஏறி, கீழ ஏதோ அசையுதுன்னு சுட்டியா?"

"இல்ல." அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "தெரியல வெர்னா. அந்தப் பக்கம் பாத்துச் சுட்டது நான் ஒருத்தன்தானே. என் குண்டாத்தான் இருக்கும். வேற யாரு? என் குண்டுதான்."

வெர்னா அதை எழுதிக்கொண்டாள். கைவிலங்கை எடுத்து மாட்டினாள். எல்மர் கதவருகில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வண்டி நகரும்போது ரெய்னோ ஒன்றுதான் கேட்டான்: "ஐலாகிட்ட யார் சொல்லுவாங்க?" ஐலா அவன் மனைவி.

"நானே சொல்றேன்," என்றாள் வெர்னா. போனில் சொன்னாள். மறுமுனையில் ஐலா போனை வைத்துவிட்டாள்.

மதியம் 1.40.

ஷெரிஃப் ஆபீஸ் மேசையில் வெர்னா உறையைக் கவிழ்த்தாள். கூடு உருண்டு வந்து வெள்ளைத் தாளில் நின்றது. அதோடு பொடிப்பொடியாக ஏதோ சிந்தியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். செம்பழுப்பு.

துரு.

கூட்டை வெளிச்சத்தில் பிடித்து வாய்க்குள் பார்த்தாள். உள்சுவர் முழுக்கத் துரு பூத்திருந்தது. காலையில் சுட்ட கூடு. ஈரமில்லாத குளிர். சில மணி நேரத்தில் துரு எங்கிருந்து வந்தது?

திருப்பினாள். வாயோரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ராணுவத் துப்பாக்கி நசுக்கித் துப்பும் என்று ஆஸ்கர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஆச்சரியமில்லை. ரெய்னோ வாங்கியது அதைத்தானே?

எழுந்துபோய் சாட்சிப் பொருள் அலமாரியைத் திறந்தாள். காலையில் அவனிடமிருந்து வாங்கி, தோட்டாவை இறக்கி, சீட்டுக் கட்டி வைத்த துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். காலையில் அவள் அதைத் தொட்டாள், இறக்கினாள், பூட்டினாள். பார்க்கவில்லை.

அது போல்ட் துப்பாக்கி.

காவல் அறைக்குப் போனாள். ரெய்னோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

"ராணுவத் துப்பாக்கி எங்க?"

"ஆஸ்கர்கிட்ட திருப்பிக் குடுத்தாச்சு. மாத்திக்கிட்டேன்."

"எப்போ?"

"போன வாரம். அதுல பத்துத் தோட்டா பிடிக்கும். மானுக்கு அது சட்டப்படி ஆகாதுன்னு வன அதிகாரி சொன்னாரு. அதே தோட்டா போடற போல்ட் துப்பாக்கி இருந்துச்சே, அதை எடுத்துக்கிட்டேன்."

"அதை ஏன் காலையில சொல்லல?"

"நீ கேக்கல." அவன் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. "அதோட, சொன்னா மறுபடி சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் பேச்சே எடுக்கல. முகாம்ல பாத்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

"சுட்டப்புறம் போல்ட்டை இழுத்தியா?"

"உடனே இழுத்தேன். இன்னொரு தரம் சுடலாம்னு. மான் போயிடுச்சு."

"அந்தக் கூடு?"

"அங்கதான் காலடியில கிடக்கும். இரும்புக் கூட்டை யார் பொறுக்குவா? மறுபடி மருந்தடைக்கவா முடியும்?"

ஷெரிஃபைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, ஆபீசுக்குப் பின்னாலிருந்த மணல் குவியலில் ரெய்னோவின் துப்பாக்கியால் ஒரு முறை சுட்டாள். போல்ட்டை இழுத்தாள். கூடு இடக்கு எதுவும் செய்யாமல் வழுக்கி வந்து அவள் காலருகே பனியில் விழுந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்த கணம் கூட்டைக் காணோம். பனியில் விரலை விட்டு எடுத்ததுபோல் ஒரு துளைதான் இருந்தது.

குனிந்து எடுத்தாள். கூட்டில் ஒரு நசுங்கலும் இல்லை.

ஷெரிஃப் அந்தத் துளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

சுட்ட கூடு சூடாக இருக்கும். பனியில் விழுந்தால் உருக்கிக்கொண்டு உள்ளே போகும். வேட்டை ஊரில் பிறந்து வளர்ந்தவள் அவள். குழந்தைகூடச் சொல்லும். காலையில் அந்தக் கூடு பனிமேல் மிதக்கிற மாதிரி கிடந்தபோது அவள் கண் எதைப் பார்த்தது? மலிவான கூடு என்றால் ரெய்னோ. கடையில் சிரித்த அதே வாய் உள்ளுக்குள் முடிவைச் சொல்லிவிட்டது. கண் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

அவள் முகம் அந்தக் குளிரிலும் சுட்டது.

பிற்பகல் 3.15.

முகாமின் ஆணியில் தொங்கிய காந்தத்தை எடுத்துக்கொண்டு, ஷெரிஃபோடு ரெய்னோவின் இடத்துக்குப் போனாள். மரக்கிளைகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்த தடம். வலது பக்கம் பனியில் ஒரு துளை. காந்தத்தை இறக்கினாள். டிக்கென்று ஒட்டிக்கொண்டு கூடு மேலே வந்தது. நசுங்கவில்லை. உள்ளே கரி மட்டும். துரு இல்லை.

அவன் சுட்டது ஒரே குண்டு. அதன் கூடு இதோ, அவன் சொன்ன இடத்தில்.

அங்கிருந்து மேட்டைப் பார்த்து ஏறினாள். பாதிச் சரிவில் மேப்பிள் மரம் ஒன்றில் புதிதாகத் துளை. ஷெரிஃப் கத்தியால் தோண்டினார். நசுங்கிய குண்டு வந்தது. காந்தம் அதையும் பிடித்தது. மலிவுத் தோட்டாவின் குண்டுக்கு மேல்பூச்சுதான் செம்பு, உறை எஃகு.

"அப்ப இவன் குண்டு மேட்டைத் தாண்டவே இல்ல," என்றார் ஷெரிஃப்.

"இல்ல."

பர்ச் மரத்தடியில் காலையில் அவளும் எல்மரும் மிதித்ததில் தடங்களெல்லாம் குழம்பியிருந்தன. மறுபடி குனிந்து தேடினாள். கூடு கிடந்த இடத்தில் இல்லை. மரத்தின் மறுபக்கம், காலையில் அவள் போகாத மூலையில் இருந்தது. ஒரு துளை. ஓரம் உருகி மறுபடி உறைந்து கண்ணாடிபோல் மின்னியது. காந்தத்தை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கையை விட்டாள். காலி. துளையின் மேல்வாய் மட்டும் அகலமாகியிருந்தது, இரண்டு விரல் நுழைந்து எதையோ கிள்ளி எடுத்த அளவுக்கு.

ஆக, இங்கே ஒருவன் சுட்டிருக்கிறான். சூடான கூடு விழுந்திருக்கிறது. அவன் அதை எடுத்துக்கொண்டான். பிறகு குளிர்ந்துபோன வேறொரு கூட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

அவள் அங்கேயே நின்று கீழே பார்த்தாள். வெளிச்சம் இருந்தால் அந்த ஆரஞ்சு உடுப்பு அரை மைலுக்குத் தெரியும். ஆர்விட்டின் துப்பாக்கி தோளிலேயே இருந்தது. அவர் தன் இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. நடந்துகொண்டிருந்தவரை, நிறம் தெரியாத இருட்டில் சுட்டிருக்கிறார்கள். கீத் கேட்ட முதல் சத்தம்.

மறுநாள் காலை 8.30.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சின்ன புட்டி ஒன்றைக் கொடுத்தார். ஆர்விட்டின் விலா எலும்பில் சிக்கியிருந்த உலோகச் சில்லு. செம்பு நிறம். வெர்னா காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். சில்லு அசையவில்லை. சுத்தமான செம்பு. விலை கூடின சரக்கு.

முகாமில் கீத் மாமனாரின் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான். எல்மர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷெரிஃப் கதவை மூடிவிட்டு அதில் சாய்ந்து நின்றார்.

"ரெய்னோ எப்படியிருக்கான்?" என்றார் எல்மர். "பாவம். வேணும்னேவா செஞ்சான்? நான் கோர்ட்டுல வந்து சொல்றேன்."

"அவன் சுடல எல்மர்," என்றாள் வெர்னா.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் கூடுகளையும் குண்டையும் மேசையில் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். துருவைச் சொன்னாள். நசுங்கலைச் சொன்னாள். மேப்பிள் மரத்தையும், பர்ச் மரத்தடியில் காலியாக இருந்த துளையையும் சொன்னாள். கீத் பையைக் கீழே போட்டுவிட்டு நின்றான்.

"அப்ப நானா?" என்றான். "நானும் கடைத் தோட்டாதான் சுடறேன். செம்புக் குண்டுதான்."

"நீங்க உங்க மாமனாரை விட்டு நகரல. வைக்கறதுக்குக் கூடு எடுக்க ஒருத்தர் முகாமுக்கு வந்திருக்கணும்." அவள் கதவைத் திறந்து, படியோரம் இருந்த காப்பி டப்பாவை உள்ளே கொண்டுவந்தாள். அக்டோபர் மழைத் தண்ணீர் அதில் உறைந்து, கூடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. மேலே ஒரு இடத்தில் பனிக்கட்டி பிளந்து நீளவாக்கில் ஒரு குழி. குழியின் அடியில் துருவின் நிறம். பர்ச் மரத்தடியில் எடுத்த கூட்டை அவள் அதில் வைத்தாள். நசுங்கல் உட்பட அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

"நேத்து போன் பண்றதுக்காக இந்த வழியா ஓடி வந்தது ஒருத்தர்தான். திரும்பி வந்து, மேட்டு மேல பாருன்னு என்கிட்ட சொன்னவரும் அவர்தான்."

எல்மர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ரெய்னோவே எடுத்து…"

"ரெய்னோவுக்குத் தன் கூட்டைத் தானே கொண்டுபோய் வைக்க என்ன தலையெழுத்து? சுட்ட கூட்டை இருட்டுலயும் தேடிப் பொறுக்கற பழக்கம் இந்த முகாம்ல ஒருத்தருக்குத்தான் இருக்கு. அவர் ஒவ்வொரு பித்தளைக் கூட்டையும் லென்ஸ் வெச்சுப் பாப்பாரு. கீறல் இருக்கா, வாய் நீண்டிருக்கான்னு அளப்பாரு. இந்தக் கூட்டை எடுத்தப்போ ஒரு தடவை திருப்பிப் பாத்திருந்தாப் போதும். இது ராணுவத் துப்பாக்கில சுட்டது, ரெய்னோ இப்ப வெச்சிருக்கறது போல்ட் துப்பாக்கின்னு தெரிஞ்சிருக்கும். நீங்க பாக்கல எல்மர். இரும்புதானேன்னு விட்டுட்டீங்க." அவள் நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. "நானும்தான்."

அடுப்பில் கட்டை வெடித்தது.

எல்மர் மெதுவாகத் தன் கோட்டின் உள்பையில் கையை விட்டார். ஷெரிஃப் நிமிர்ந்தார். வெளியே வந்தது ஒரு பித்தளைக் கூடு. அதை மற்றக் கூடுகளின் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்.

"ராத்திரி பூரா ஆத்துல எறியணும்னு நினைச்சேன்," என்றார். "முடியல. கை வரல."

"மாமாவை ஏன்…" கீத் மேசைப் பக்கம் ஒரு அடி வைத்தான்.

"ஊசியிலை மரங்களுக்கு நடுவுல ஏதோ அசைஞ்சுது. வெளிச்சம் வரல. கொம்பு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு." எல்மர் அவனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தே பேசினார். "முப்பது வருஷமா சின்னப் பசங்க முன்னாடி நின்னு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். முழுசாப் பாக்காம விசையைத் தொடாதே. உங்க பாட்டன் பேர்ல சத்தியம் பண்ணுன்னு கையை உயர்த்தச் சொல்லுவேன். அந்தப் பசங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"ரெய்னோ மூஞ்சியில முழிக்கலாமா?" என்றாள் வெர்னா.

எல்மர் தனக்குள் பேசுவதுபோல் சொன்னார்: "அவன்னா எல்லாரும் சட்டுனு நம்பிடுவாங்கன்னு தோணுச்சு."

அவர் சொன்னது சரி என்பதுதான் வெர்னாவால் தாங்க முடியாததாக இருந்தது. விலங்கை ஷெரிஃபையே மாட்டச் சொன்னாள்.

காலை 11.00.

ரெய்னோவை அவள் தன் வண்டியில் முன்சீட்டில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். எல்மர் பெயரைக் கேட்டதும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரெய்னோ, கடையில அன்னிக்கு நான் பேசினது…"

"விடு."

"விட முடியல. அதனாலதான் நேத்து எனக்குக் கண்ணு தெரியல."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்றான். "நான் மானைப் பாத்துத்தான் சுட்டேன்னு எனக்கே தெரியும். ஆனா நீ அந்தக் கூட்டைக் காட்டினதும், என்னை மாதிரி ஆளு கையிலேர்ந்து வேற என்ன வரும்னு தோணிப்போச்சு. அது நீ பண்ணினதில்ல. அது எனக்குள்ளயே இருந்திருக்கு."

ஐலா கதவைத் திறந்தாள். நேற்றைய உடுப்பிலேயே இருந்தாள். கணவனைப் பார்த்தாள், விலங்கில்லாத அவன் கையைப் பார்த்தாள், பின்னால் நின்ற வெர்னாவைப் பார்த்தாள்.

"இவன் இல்ல ஐலா," என்றாள் வெர்னா. "ரெய்னோ சுடல. நான் தப்புப் பண்ணிட்டேன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

ஐலாவின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று வெர்னா எதிர்பார்த்தாள். வரவில்லை. ஐலா பின்னால் நகர்ந்து, சமையலறை நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"நான் ஹில்மாவுக்கு போன் பண்ணிட்டேன்," என்றாள். ஹில்மா, ஆர்விட்டின் மனைவி. "காலையில. என் புருஷன் உங்க வீட்டுக்காரரைக் கொன்னுட்டான், எங்களை மன்னிச்சுடுங்கன்னு அழுதேன்."

ரெய்னோ வாசலிலேயே நின்றான். பூட்ஸைக் கழற்றவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

ஐலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஹில்மா என்ன சொன்னா?" என்று கேட்டான்.

ஐலா மேசை விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெர்னா வண்டிக்குத் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"ரெய்னோ அப்படிச் செஞ்சிருக்க மாட்டான்னு சொன்னா," என்றாள் ஐலா. "நல்லா விசாரிக்கச் சொல்லுன்னு சொன்னா. நான்தான், இல்ல இல்ல, இவன்தான்னு…"

வெர்னா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.